விளக்கைத் தராசில் வைத்தவர்

இதை எழுத வேண்டும் என்று நினைத்துப் பல வருடம் ஆகிறது. ஒவ்வொரு ஆடியிலும் அம்மனுக்குக் கூழ் ஊற்றி முடித்ததும் உட்கார்ந்து எழுதிவிடலாம் என்று நினைப்பேன். பேனாவை எடுத்தால் கை ஓடாது. அவரை நல்லவர் என்று எழுதினால் என் வீட்டுக்காரருக்குத் துரோகம். கெட்டவர் என்று எழுதினால் பொய். பொய்யை எழுதிவிட்டு மாரியம்மன் முன்னால் போய் நிற்க என்னால் ஆகாது. இந்த இழுபறியிலேயே என் மகளுக்குக் கல்யாணமாகிப் பேரனும் பிறந்துவிட்டான்.

இப்போது எழுதுவதற்குக் காரணம், ஊரில் கதை கோணிக்கொண்டு போகிறது. சாமி இல்லை என்கிற ஒருத்தன் வந்து எங்கள் வழக்கத்தை அழித்துவிட்டுப் போனான் என்று ஒரு கூட்டம் சொல்கிறது. எங்கள் பட்டறை முதலாளியோ, வருகிற வியாபாரிகளிடமெல்லாம், “அந்த மனுசன் கடவுளே அனுப்பி வச்ச ஆளு” என்று கையெடுத்துக் கும்பிட்டுக் காட்டுகிறார். இரண்டும் தப்பு. நான் அந்தப் பட்டறையில் அச்சுக்கு மண் சலித்துக்கொண்டு நின்றவள். எனக்குத் தெரியும்.

சின்னசேலத்திலிருந்து நைனார்பாளையம் போகிற ரோட்டில், ஒரு பக்கம் மக்காச்சோளம், மறுபக்கம் கரும்பு, நடுவில் ஒரு தகரக் கொட்டகை. அதுதான் எங்கள் வார்ப்புப் பட்டறை. மீன்பிடிப் படகின் அடியில் சுழன்று தண்ணீரைத் தள்ளுகிற வெண்கல விசிறியை அங்கேதான் வார்த்தோம். கடலூர்ப் பக்கம் படகு கட்டுகிற ஒரு கம்பெனி வாங்கிக்கொண்டிருந்தது. பட்டறையில் பாதிப் பேர் கடலைக் கண்ணால் பார்த்ததில்லை, நானும்தான். என் வீட்டுக்காரர் அடுப்பு மேஸ்திரி. மூசை என்கிற உருக்கும் பானையில் எது எவ்வளவு போட வேண்டும், எப்போது அச்சில் ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் அவர் பொறுப்பு. பையனாக இருந்த காலம் தொட்டு நெருப்பிலேயே நின்றவர்.

நான் சொல்ல வந்த ஆள், அந்தக் கம்பெனிக்குத் தரம் பார்க்கிறவர். பேர் வேண்டாம். எங்கேயோ இருப்பார், இருந்துவிட்டுப் போகட்டும். முன்னால் ‘சார்’ என்போம். பின்னால் ‘டொக்கு’ என்போம். எதைக் கண்டாலும் விரல் முட்டியால் டொக் டொக் என்று தட்டிப் பார்ப்பார். சுவர், சொம்பு, முலாம்பழம், ஆட்டோவின் கதவு, எதுவும் தப்பாது. ஒல்லியான ஆள். நெற்றி நிறைய விபூதி. காலில் கனத்த பூட்ஸ், அதை எங்கேயும் கழற்ற மாட்டார். ‘பரவாயில்லை’ என்கிற சொல் அவர் வாயில் வந்து நான் கேட்டதே இல்லை. காலை மிதித்துவிட்டு ‘மன்னிச்சுக்கோங்க’ என்றால்கூட, “பாத்து நடங்க” என்பாரே தவிர, பரவாயில்லை என்று சொல்ல மாட்டார்.

முதல் நாள் அவர் வந்ததே சண்டைக்கு வந்த மாதிரிதான். ஒரு சாக்கைத் தூக்கிக்கொண்டு வந்து, நான் சலித்துக் குவித்திருந்த மண்மேலேயே கொட்டினார். உள்ளே எங்கள் விசிறி. ஒரு இறக்கை தனியாகக் கழன்று கிடந்தது. உடைந்த இடத்தைப் பார்த்தேன். கேழ்வரகு ரொட்டியைப் பிய்த்தது மாதிரி பொடிப்பொடியாக ஓட்டை.

“யாரு ஊத்தினது?” என்றார். வணக்கம் இல்லை, ஒன்றும் இல்லை.

முதலாளி வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டு ஓடி வந்தார். “சார், மொதல்ல உக்காருங்க. எளநி வெட்டச் சொல்றன்.”

“எளநி குடிக்க வரல. இது கடல்ல வச்சு உடைஞ்சிருக்கு. காத்துல மாட்டின படகை இன்னொரு படகு கயிறு கட்டி இழுத்துட்டு வந்துச்சு. கயிறு அறுந்து அடிச்சதுல ஒருத்தருக்கு வலது கண்ணு போயிருச்சு. யாரு ஊத்தினது?”

என் வீட்டுக்காரர் முன்னால் போய், “நான்தாங்க சார்” என்றார்.

அவர் மேஸ்திரியின் முகத்தைப் பார்க்கவில்லை. கையைப் பார்த்தார். நெருப்புத் தழும்பு ஏறிய கை. “இதே மாதிரி இன்னும் சிலது உடைஞ்சு வந்திருக்கு. காரணம் தெரியற வரைக்கும் உங்ககிட்ட வாங்க மாட்டோம். காரணம் தெரியலன்னா எப்பவுமே வாங்க மாட்டோம்” என்றார்.

பட்டறையில் முக்கால்வாசி வேலை அந்தக் கம்பெனி கொடுப்பதுதான். அது போனால் எல்லோரும் கரும்பு வெட்டத்தான் போக வேண்டும். ஆனால் எங்களுக்கு அதற்கு மேலும் ஒன்று இருந்தது. முதலாளி அன்றைக்கே என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டு, “மேஸ்திரி, தப்பா நெனச்சுக்காத. இது சரியாவலன்னா வேற கைய வச்சி ஊத்திப் பாக்க வேண்டியதாப் பூடும்” என்றார். அடுப்பை விட்டு இறக்கிவிட்ட மேஸ்திரியை வேறு எந்தப் பட்டறையும் சேர்க்காது. கை கெட்டவன் என்று பேர் விழுந்துவிடும்.

காரணம் தெரிகிற வரைக்கும் டொக்கு எங்கள் ஊரிலேயே தங்கினார். பக்கத்தில் சரியான ஓட்டல் இல்லை என்று மத்தியானச் சாப்பாட்டை என் தலையில் கட்டினார் முதலாளி. ஒரு நாள் சோற்றில் சின்னதாக ஒரு கல். அதை எடுத்து இலை ஓரத்தில் வைத்து, “இது என்ன?” என்றார்.

“கல்லுங்க சார். ரேசன் அரிசி, பொடைச்சித்தான் போட்டன். ஒண்ணு தப்பி வந்துட்டிருக்கும்.”

“ஒண்ணுதான் வரும். பல்லு உடையறதுக்கு மூட்டை கல்லா வேணும்?”

எனக்குச் சுருக்கென்றது. “எங்க வூட்ல எத்தினியோ வருசமா எல்லாரும் இதத்தான் துண்றோம். பல்லு இருக்குது” என்றேன். அவர் இலையை மடித்துவிட்டு எழுந்துவிட்டார். அன்னத்தைப் பாதியில் விட்டு எழுந்தவரை எங்கள் வீட்டில் அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை. அந்த இலையை எடுத்துப் போடும்போது மனசார அவரைத் திட்டினேன்.

இன்னொரு நாள் நானும் அலமேலு அக்காவும் கள்ளக்குறிச்சிக்கு பஸ்ஸில் போனோம். அலமேலு அக்கா கல்வராயன் மலையிலிருந்து வந்து எங்களோடு மண் சலிக்கிறவள். அதே பஸ்ஸில் டொக்கு இருந்தார். பின்பக்கக் கதவின் கொண்டி சரியாக விழாமல் ஆடிக்கொண்டிருந்தது. ஓடுகிற பஸ்ஸில் எழுந்து போய் அதைத் தட்டினார். வாயாலேயே விசில் அடித்து பஸ்ஸை நிறுத்திவிட்டார்.

கண்டக்டர், “யோவ், இன்னாய்யா? எறங்கணுமா?” என்றான்.

“கொண்டி விழல. சரி பண்ணிட்டு எடுங்க.”

“இது ஒரு மாசமா அப்டித்தான்யா ஓடிக்கினு இருக்குது!”

“அப்போ ஒரு மாசமா தப்பு பண்ணிக்கிட்டு இருக்கீங்க.”

பஸ்ஸே கத்தியது. ஆஸ்பத்திரிக்குப் போகிறவர், கோர்ட்டுக்குப் போகிறவர் எல்லாரும் வைதார்கள். “சாவு கிராக்கி, வழிய வுடுய்யா” என்றார் ஒரு பெரியவர். இவர் படியிலேயே நின்றார். கடைசியில் டிரைவர் இறங்கி வந்து, ஒரு கம்பியை முறுக்கிக் கட்டிய பிறகுதான் இவர் உட்கார்ந்தார். யாரும் அவருக்குப் பக்கத்தில் உட்காரவில்லை. அலமேலு அக்கா என் காதில், “இந்தாளு பொறந்தவொடனே பெத்தவளையும் தட்டிப் பாத்துத்தான் பால் குடிச்சிருப்பான்” என்றாள். நான் சிரித்துவிட்டேன்.

சாமி இல்லாதவர் என்கிறார்களே, அதற்கு இதைச் சொல்ல வேண்டும். அவர் தினமும் காலையில் எங்கள் மாரியம்மன் கோயிலுக்கு வருவார். பூட்ஸைக் கழற்றாதவர் என்பதால் வாசலுக்கு வெளியே நின்றுதான் கும்பிடுவார். ஆனால் கண் மூடி வெகு நேரம் நிற்பார். ஒரு நாள் கும்பிட்டு முடித்ததும் பூசாரியைக் கூப்பிட்டு, மேலே மணி தொங்குகிற கொக்கியைக் காட்டி, “தேஞ்சிருக்கு. மாத்துங்க” என்றார்.

“அம்மா பாத்துக்குவா சார்.”

“அம்மா நம்மள பாத்துக்குவா. கொக்கிய நீங்கதான் பாத்துக்கணும்.”

பூசாரிக்கு முகம் செத்துவிட்டது. அம்மன் எதிரில் அப்படிப் பேசலாமா என்று ஊரே பேசியது. எனக்கும் அன்றைக்குப் பிடிக்கவில்லை. பேச்சில் தப்பில்லை, பேசின விதத்தில் ஈரமே இல்லை.

அவர் உடைந்த விசிறிகளை வரிசையாக வைத்துக்கொண்டு தினமும் பார்ப்பார். ஒரு நாள் என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டு, “எல்லாத்துலயும் நடுவுல ‘உ’ போட்டிருக்கே, இது என்ன?” என்று கேட்டார்.

“பிள்ளையார் சுழிங்க சார். வெள்ளிக்கெழம மொத வார்ப்புல மட்டும் போடுவோம். ராசியான வார்ப்பு.”

“உடைஞ்சது எல்லாம் ராசியான வார்ப்புதானா?” என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை.

இங்கே எங்கள் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். வீட்டில் ஏற்றி வணங்கிய விளக்கு உடைந்துவிட்டால் அதைக் குப்பையில் போட மாட்டோம். பழைய பாத்திரக்காரனிடமும் போட மாட்டோம். சாமி குடியிருந்த விளக்கைத் தராசில் ஏற்றக் கூடாது என்பார்கள். அதனால் பட்டறை வந்த நாளிலிருந்து, சுற்றுப்பட்டுப் பெண்கள் உடைந்த பித்தளை விளக்கை மஞ்சள் குங்குமம் வைத்துக் கொண்டுவந்து, வெள்ளிக்கிழமை முதல் மூசையில் சேர்த்துவிடுவார்கள். நெருப்பில் கலந்துவிட்டால் தோஷம் இல்லை. ஆடிக்கொன்று, தைக்கொன்று என்று எப்போதோ வரும். அந்த வருடம் அலமேலு அக்காவின் மலையூர்க் கோயிலைப் புதுப்பித்தார்கள். பழைய குத்துவிளக்கு, தூண்டாமணி விளக்கு, தட்டு எல்லாம் சாக்கு சாக்காக ஜீப்பில் இறங்கின. பட்டறையில் மற்ற எதையும் எடை போட்டுத்தான் மூசையில் போடுவார்கள். விளக்கை மட்டும் எடை போட மாட்டார்கள். விளக்கு போன அளவுக்கு மூசையில் இடம் போய்விடும். எடுத்து வைத்த செம்புக் கட்டியில் ஒன்றிரண்டு வெளியே நின்றுவிடும். அதை என் வீட்டுக்காரர் அடுப்புக்குப் பின்னால் ஒரு சாக்கில் போட்டு வைத்து, பிறகு ஏதாவது உருக்கில் சேர்ப்பார். அந்த வருடம் அந்தச் சாக்கே நிறைந்துவிட்டது. முதலாளிக்கும் இது தெரியும்.

கம்பெனி வாங்காவிட்டாலும் சோதனைக்கென்று வார்த்துக்கொண்டுதான் இருந்தோம். அந்த வெள்ளிக்கிழமை டொக்கு பூட்ஸ் காலோடு அடுப்புக்குப் பக்கத்திலேயே வந்து நின்றுவிட்டார். விளக்கோடு வந்த பெண்கள் அவரைக் கண்டதும் முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு திரும்பிப் போய்விட்டார்கள். அன்றைய வார்ப்பை அறுத்துப் பார்த்தார். ஓட்டையே இல்லை.

அவ்வளவுதான். எல்லோரும் சாப்பிட உட்கார்ந்த நேரம். நடுவில் வந்து நின்றார்.

“நான் நின்னா நல்லா வருது. நான் இல்லன்னா கெட்டுப்போகுது. உலோகத்துக்குக் கண்ணு இருக்கா மேஸ்திரி?”

என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார்.

“உடைஞ்சதை லேப்ல குடுத்துப் பாத்தாச்சு. செம்பு கம்மி. ஈயமும் துத்தநாகமும் ஜாஸ்தி.” போய் அடுப்புக்குப் பின்னால் இருந்த சாக்கை இழுத்தார். செம்புக் கட்டிகள் உருண்டன. “இது என்ன?”

“மிச்சங்க சார்.”

“எடை போட்டு எடுத்த செம்பு எப்படி மிச்சமாகும்? இதை வெளிய எடுத்துட்டு, பழைய பித்தளைக் குப்பையைப் போட்டு நிரப்பறீங்க. இதுக்குப் பேரு திருட்டு. இந்தத் திருட்டுலதான் ஒருத்தர் கண்ணு போச்சு.”

 முதலாளி தரையைப் பார்த்தார். தெரிந்தும் வாய் திறக்கவில்லை. நான் எழுந்து, “யாரத் திருடன்ற? வயித்தெரிச்சல் வாங்கிக் கட்டிக்காத சார்” என்று கத்தினேன். என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வையில் உட்கார்ந்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன். “இன்னா ஏதுன்னு சொல்லித் தொலைக்க வேண்டியதுதான? எதுக்கு வாய மூடிக்கினு நிக்கற?”

“இன்னாடி சொல்றது? சாமி வெளக்கப் போட்டதால ஒருத்தன் கண்ணு பூட்டுதுன்னு சொல்லணுமா? வெளக்கால கெடுதி வருமா? நீயே சொல்லு, வருமா?”

 வரும் என்று சொல்ல நாக்கு எழவில்லை.

“அதுவும் மலையில கோயிலு வெளக்கு. நான் வாயத் தொறந்தா அந்த ஊரு ஜனம் பூரா இந்தப் பழிய சொமக்கணும். நான் ஒருத்தன் திருடனாவே இருந்துட்டுப் போறன்” என்றார். அந்த வாரம் முழுக்க டீக்கடைக்குக்கூட அவர் போகவில்லை. ரோட்டில் போனவரைப் பார்த்து, கடை வாசலில் நின்றவன் ஒருத்தன், “மேஸ்திரி, செம்பு இன்னா வெல?” என்று கேட்டிருக்கிறான்.

வியாழக்கிழமை டொக்கு பெட்டியைத் தூக்கிக்கொண்டு கடலூர் பஸ் ஏறினார். ஊரே நிம்மதியாக மூச்சு விட்டது. மறுநாள் காலையில் பெண்கள் விளக்கோடு வரிசையாக வந்தார்கள். அலமேலு அக்கா ஆள் உயரக் குத்துவிளக்கின் அடித்தண்டை இரண்டு கையாலும் தாங்கி, “தாயே, அக்கினியில சேருடியம்மா” என்று என் வீட்டுக்காரரிடம் நீட்டினாள். அவர் மூசைக்கு மேலே கொண்டுபோன நேரம், கொட்டகை வாசலில் பூட்ஸ் சத்தம்.

தான் இல்லாதபோது என்ன நடக்கிறது என்று பார்க்க, உளுந்தூர்பேட்டையிலேயே இறங்கி, காலை முதல் பஸ்ஸில் திரும்பி வந்திருக்கிறார்.

“நிறுத்துங்க.”

ஓடி வந்து அந்தத் தண்டைப் பிடுங்கினார். தட்டினார். மந்தமாகச் சத்தம் வந்தது. உள்ளே அரக்கு அடைத்திருந்தது. ஒட்டுப் போட்ட இடமெல்லாம் ஈயம். காலகாலமாக ஏறின எண்ணெய்ப் பிசுக்கு. “இதையா போட்டீங்க? எவ்வளவு போட்டீங்க? எடை என்ன?”

“வெளக்க யாராச்சும் எட போடுவாங்களாய்யா?” என்றாள் அலமேலு அக்கா.

அவர் நேராகப் போய், குங்குமம் வைத்த அந்த விளக்கைத் தராசில் வைத்தார். டொங்கென்று வைத்தார்.

ஒரு கிழவி “அய்யோ” என்று வாயில் அடித்துக்கொண்டாள். அலமேலு அக்கா அவர் சட்டையைப் பிடித்துவிட்டாள். “எங்க சாமிய கறிக்கடையில வச்ச மாதிரி வைக்கிறியே, நீ வெளங்குவியா? உங் கை வெளங்குமா?”

“கையை எடுங்கம்மா.”

“எடுக்க மாட்டன். இன்னா பண்ணுவ?”

“இதே அளவு போட்டு ஒண்ணு ஊத்துவேன். போடாம ஒண்ணு ஊத்துவேன். அப்புறம் நீங்க என் கையை என்ன வேணா பண்ணுங்க.”

முதலாளி வந்து இரண்டு பேரையும் விலக்கினார். டொக்கு, சொன்னபடி இரண்டு கம்பிகளை என் வீட்டுக்காரரை வைத்தே ஊற்றச் சொன்னார். ஆறினதும் இரண்டையும் ஒவ்வொன்றாக வைஸ் என்கிற இரும்புப் பிடியில் இறுக்கி, சுத்தியை அலமேலு அக்காவிடமே நீட்டினார். “நீங்களே அடிங்க. நான் அடிச்சா ஏமாத்திட்டேன்னு சொல்வீங்க.”

விளக்கு போடாத கம்பியை அவள் அடித்தாள், அது வளைந்தது. மறுபடி அடித்தாள், இன்னும் வளைந்தது. விளக்கு போட்ட கம்பியை அடித்தாள். ஒரே அடி. துண்டு தெறித்துத் தகரத்தில் போய் விழுந்தது. முறிந்த இடத்தில் அதே ரொட்டி ஓட்டை. எண்ணெய்ப் புகை உலோகத்துக்குள்ளே நுரைத்துக்கொண்டு நின்றிருக்கிறது.

அலமேலு அக்கா சுத்தியைக் கீழே போட்டாள். “அப்போ எங்க வெளக்கு எங்க போறது? தெருவுலயா போடறது?” என்று கேட்டாள். 

“அது எனக்குத் தெரியாது. மூசைக்குள்ள போகக் கூடாது” என்றார். ஆறுதலாக ஒரு வார்த்தை சேர்த்திருக்கலாம். சேர்க்கவில்லை.

முதலாளி கெஞ்சினார். “சார், ஜனங்க மனசு நோவும். சாஸ்திரத்துக்கு ஒரு துளி, ஒரு திரி முனை அளவு, பரவால்லீங்களா?”

“கூடாது.”

“செரி சார். ஏற்கெனவே போன உருப்படில ஒடையாதது நெறைய இருக்குது. அதுங்கள வுட்டுடலாம்ல?”

“எதெல்லாம் ‘உ’ போட்டிருக்கோ அதெல்லாம் திரும்ப வரணும். உடைஞ்சாலும் சரி, உடையலன்னாலும் சரி. உங்க செலவுல மாத்திக் குடுக்கணும். முடியாதுன்னா இப்பவே சொல்லுங்க, நான் வேற பட்டறை பாக்கறேன்.”

முதலாளி தலையை ஆட்டினார். அப்போதுதான் என் வீட்டுக்காரர் பேசினார். அன்றைக்கு எல்லாருக்கும் முன்னால் வாய் திறக்காதவர், இப்போது அதே எல்லாருக்கும் முன்னால்தான் பேசினார்.

“சார், இத்தினி பேருக்கு முன்னால என்ன திருடன்னு சொன்னீங்க. இப்போ இத்தினி பேருக்கு முன்னால, நான் திருடன் இல்லன்னு சொல்லிடுங்க. வேற ஒண்ணும் வேணாம்.”

 டொக்கு முதல் முறையாக என் வீட்டுக்காரரின் முகத்தைப் பார்த்தார்.

“நீங்க திருடல” என்றார். “திருடனா இருந்திருந்தா போலீஸ்ல குடுத்துட்டு நிம்மதியாப் போயிருப்பேன். சாமி கும்பிட்டுக்கிட்டே இதைச் செஞ்சிருக்கீங்க. உங்களை நான் என்ன செய்யறது?”

சொல்லிவிட்டு உடைந்த துண்டுகளைப் பொறுக்கிச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டார்.

விசிறிகளைத் திரும்ப எடுக்க அவரோடு என் வீட்டுக்காரரும் போனார். துறை துறையாகப் படகைக் கரை ஏற்றிப் பார்க்க வேண்டியிருந்தது. தொழில் கெடுகிறதென்று மீனவர்கள் இரண்டு பேரையும் வைதிருக்கிறார்கள். வேலை முடிந்த அன்று, டொக்கு ஒன்றும் சொல்லாமல் என் வீட்டுக்காரரை ஒரு தெருவுக்குள் கூட்டிப்போனார். கறுப்புக் கண்ணாடி போட்ட ஒருத்தர் வலைக்கு முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார்.

“இவர்தான் ஊத்தினவர்” என்று அவரிடம் சொல்லிவிட்டு, டொக்கு பாட்டுக்குத் திரும்பி நடந்துவிட்டார். என் வீட்டுக்காரரைத் தனியாக நிறுத்திவிட்டு. இதை நான் இன்னமும் மன்னிக்கவில்லை. அடித்தால் அடிபட வேண்டியதுதான், கேட்க நாதியில்லாத இடம்.

என் வீட்டுக்காரர் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். விளக்கு, மலைக்கோயில், நெருப்பில் சேர்க்கிற வழக்கம், எல்லாம். அந்த மனுஷர் வலையை மடியில் வைத்தபடி கேட்டுக்கொண்டே இருந்தாராம். அப்புறம் உள்ளே திரும்பிப் பெண்சாதியைக் கூப்பிட்டு, “தண்ணி கொண்டாந்து குடு” என்றாராம். தண்ணீர் குடித்து முடித்ததும் சொன்னாராம்: “எங்க வூட்லயும் ஒடஞ்ச வெளக்கு ஒண்ணு கீதுங்க. இன்னா பண்றதுன்னு தெரியாம பரண்ல வச்சிருக்கோம்.”

 வீட்டுக்கு வந்து என்னிடம் இதைச் சொல்லும்போதுதான் என் வீட்டுக்காரர் அழுதார். எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

அடுப்பு மறுபடி அவர் கைக்கே வந்தது. கம்பெனியும் வாங்கியது. அதன்பிறகு எங்கள் விசிறி உடைந்தது என்று சேதி வந்ததில்லை. ஆனால் பட்டறைக்கு விளக்கோடு வருகிற பெண்களை வாசலிலேயே திருப்பி அனுப்புகிற வேலை என் வீட்டுக்காரருக்கு வந்து சேர்ந்தது. மீதிச் சாக்குகளை அலமேலு அக்கா ஜீப் வைத்து மலைக்கே ஏற்றிக்கொண்டு போனாள். “சாமிய வாசல்ல நிறுத்துன பட்டற” என்று சொல்லிவிட்டுப் போனவள் திரும்பி வேலைக்கு வரவில்லை. வழியில் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிறாள். அவள்மேல் எனக்குக் கோபம் இல்லை.

டொக்கு போகும்போது யாரிடமும் சொல்லிக்கொள்ளவில்லை. வேறு கம்பெனிக்குப் போய்விட்டார் என்று பிறகு கேள்விப்பட்டோம். இன்றுவரை அவருக்காக நான் ஒரு விளக்கு ஏற்றியதில்லை. சாபமும் விட்டதில்லை. அம்மனிடம் நிற்கும்போது அவர் நினைப்பு வரும். வந்தால் வரட்டும் என்று விட்டுவிடுவேன்.

இதைப் படிக்கிறவர்களிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். யாருக்காவது சொல்வதாக இருந்தால், இதை இருக்கிறபடியே சொல்லுங்கள். அவரைச் சாமி இல்லாதவர் ஆக்க வேண்டாம், அவர் நெற்றியில் விபூதி இருந்தது. சாமி அனுப்பினவர் ஆக்கவும் வேண்டாம், அவர் பஸ்ஸில் வந்தார். என் வீட்டுக்காரரைத் திருடன் என்றதையும் சொல்லுங்கள், திருடல என்றதையும் சொல்லுங்கள். கேட்கிறவர்களுக்கு இதமாக இருக்கட்டும் என்று, கடைசியில் அவர் மன்னிப்புக் கேட்டதாக மட்டும் யாரும் சேர்த்துவிடாதீர்கள். அவர் கேட்கவில்லை.